எந்தப் பக்கம் போகும் வண்டி? நாகர்கோவில் சந்திப்புக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

வேலை, படிப்பு, திருமணம், பணிமாற்றம் என ஏதோ ஒரு காரணத்தால் கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள், வந்த சில நாள்களிலேயே ஒரு குழப்பத்தைச் சந்திக்கிறார்கள். “கோயம்புத்தூருக்கு எத்தனை மணிக்கு வண்டி?” என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தால், நேரத்தைச் சொல்வதற்குப் பதிலாக, “மதுரை வழியாகவா, திருவனந்தபுரம் வழியாகவா?” என்று எதிர்க்கேள்வி வரும். மற்ற ஊர்களில் ரயிலைப் பற்றிய முதல் கேள்வி நேரம்; நாகர்கோவிலில் முதல் கேள்வி பக்கம். அதைத் தெரிந்துகொள்ளாமல் நேரத்தை மட்டும் பார்த்துச் சீட்டு எடுத்தவர்கள், ஒரு இரவில் முடிய வேண்டிய பயணத்தை மறுநாள் பிற்பகல்வரை இழுத்துக்கொண்டு போனதுண்டு. ஆகவே இந்தக் கட்டுரை கால அட்டவணையைத் தரவில்லை. அட்டவணை ஆண்டுதோறும் மாறும். தண்டவாளங்களின் அமைப்பு அவ்வளவு எளிதில் மாறாது. அந்த அமைப்பையும் அது உருவான கதையையும் புரிந்துகொண்டவர்களுக்கு எந்த ஆண்டின் அட்டவணையும் தானாக விளங்கும்.

முன்கதை: இரண்டு தவணைகளில் வந்த ரயில்

தென் திருவிதாங்கூர் எனப்பட்ட இந்தப் பகுதிக்கு ரயில் மிகவும் தாமதமாகத்தான் வந்தது. திருநெல்வேலியையும் கொல்லத்தையும் செங்கோட்டை வழியாக இணைத்த, மீட்டர் கேஜ் எனப்படும் குறுகிய பாதை 1904-ஆம் ஆண்டிலேயே ஓடத் தொடங்கிவிட்டது. அது 1918-இல் கொல்லத்திலிருந்து திருவனந்தபுரம் வரையிலும், 1931-இல் அந்நகரின் நடுவிலுள்ள தம்பானூர் வரையிலும் நீண்டது, அதோடு நின்றும்போனது. அதற்குத் தெற்கே இருந்த கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் 1956 நவம்பர் 1 அன்று அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாக ஆன பிறகும், ஏறத்தாழ 22 ஆண்டுகளுக்கு இம்மாவட்டத்தில் ஒரு ரயில் நிலையம்கூட இல்லை. ரயிலேற விரும்பியவர்கள் பேருந்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டித் திருநெல்வேலிக்கோ, மார்த்தாண்டம், பாறசாலை வழியாகத் திருவனந்தபுரத்துக்கோ போக வேண்டியிருந்தது. இன்று எழுபது வயதைக் கடந்த உள்ளூர்க்காரர்களிடம் கேட்டால், தாங்கள் முதன்முதலில் ரயிலைப் பார்த்தது திருநெல்வேலியில் என்றோ, தம்பானூரில் என்றோதான் பெரும்பாலும் சொல்வார்கள்.

1972-இல் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி கன்னியாகுமரியில் இத்திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார். நாகர்கோவில் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக அப்போது இருந்தவர் காமராஜர். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி வரை, சுமார் 87 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை 1979 ஏப்ரலில் திறக்கப்பட்டது. திருநெல்வேலியிலிருந்து வள்ளியூர், பணகுடி, ஆரல்வாய்மொழி வழியாக வரும் பாதை இரண்டு ஆண்டுகள் கழித்து, 1981 ஏப்ரலில்தான் வந்து சேர்ந்தது. அதாவது, நாகர்கோவிலின் கோட்டாற்றில் அமைந்த இந்த நிலையம் முதல் இரண்டு ஆண்டுகள் வழியில் இருந்த ஒரு நிலையம் மட்டுமே. திருநெல்வேலிப் பாதை வந்த பிறகே அது உண்மையில் சந்திப்பு ஆனது.

இந்த இரண்டு ஆண்டு இடைவெளியைவிட அதிக விளைவை உண்டாக்கியது தண்டவாளத்தின் அகலம். எர்ணாகுளம்–திருவனந்தபுரம் தடம் 1976-இலேயே அகலப்பாதையாகிவிட்டதால், அதன் தொடர்ச்சியாக இங்கே போடப்பட்ட பாதைகளும் தொடக்கத்திலிருந்தே அகலப்பாதைகளாக அமைந்தன. சென்னையிலிருந்து திருச்சி, மதுரை வழியாக வரும் தடமோ அப்போது மீட்டர் கேஜ்; ஒன்றில் ஓடும் வண்டி மற்றொன்றில் ஓட முடியாது. அந்தத் தடம் அகலப்படுத்தப்பட்டு முடியும்வரை, நாகர்கோவிலின் ரயில் முகம் மேற்குப் பக்கமாக, கேரளத்தைப் பார்த்தே இருந்தது. கன்னியாகுமரியிலிருந்து ஜம்முப் பகுதிக்குச் செல்லும் ஹிமசாகர் எக்ஸ்பிரஸ், பெங்களூருவுக்குச் செல்லும் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் போன்ற பழைய வண்டிகள் இன்றும் கேரளத்தைச் சுற்றிக்கொண்டு போவதன் பின்னணி இதுதான். ஐலண்ட் எக்ஸ்பிரஸின் பெயரே வேறொரு கதை: அவ்வண்டி ஒருகாலத்தில் கொச்சியின் வெல்லிங்டன் தீவிலிருந்து புறப்பட்டது. வண்டி தீவை விட்டுக் குமரிமுனைக்கு வந்து பல ஆண்டுகள் ஆகியும் பெயர் மட்டும் தீவிலேயே இருக்கிறது.

நிர்வாகமும் அதே திசையில் அமைந்தது. 1979 அக்டோபர் 2 அன்று திருவனந்தபுரம் ரயில்வே கோட்டம் உருவாக்கப்பட்டபோது இம்மாவட்டத்தின் பாதைகள் அதன்கீழ் சேர்ந்தன; திருநெல்வேலிப் பக்கம் மேலப்பாளையம்வரை இன்றும் அக்கோட்டத்தின் எல்லைதான். இப்பாதைகளை மதுரைக் கோட்டத்தோடு இணைக்க வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலமாக எழுப்பப்பட்டுவருகிறது. புதியவர்களுக்கு இதனால் ஒரு நடைமுறைப் பயன் உண்டு: வண்டி ரத்து, தாமதம், பாதை மாற்றம் பற்றிய அறிவிப்புகளைத் தேடும்போது மதுரைக் கோட்டத்தின் செய்திகளை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதி அடையக் கூடாது, திருவனந்தபுரம் கோட்டத்தின் அறிவிப்பையும் பார்க்க வேண்டும்.

முதற்படி: எந்த நிலையம் என்று உறுதிசெய்தல்

நாகர்கோவில் என்ற பெயரில் இரண்டு நிலையங்கள் உள்ளன. ஒன்று, கோட்டாற்றில் உள்ள நாகர்கோவில் சந்திப்பு, பேச்சுவழக்கில் ‘ஜங்ஷன்’. மற்றொன்று, பள்ளிவிளையில் உள்ள நாகர்கோவில் டவுன். பயணச்சீட்டில் சந்திப்புக்கு ‘என்சிஜே’ என்றும், டவுனுக்கு ‘என்ஜேடி’ என்றும் குறியீடு இருக்கும். கன்னியாகுமரிக்கு ‘சிஏபிஇ’, அந்த ஊரை ஆங்கிலத்தில் கேப் என்று அழைத்த காலத்தின் எச்சம் அது.

ஒரே ஊருக்கு இரண்டு நிலையங்கள் தேவைப்படுவது ஏன் என்பதை அறிய, ஒரு காகிதத்தில் ‘ஒய்’ என்ற ஆங்கில எழுத்தை வரைந்து பார்ப்பது நல்லது. மேலே உள்ள இரண்டு கிளைகளில் ஒன்று திருவனந்தபுரத்திலிருந்து வருகிறது, மற்றொன்று திருநெல்வேலியிலிருந்து வருகிறது. கீழே இறங்கும் தண்டு கன்னியாகுமரிக்குப் போகிறது. சந்திப்பு நிலையம் அந்தத் தண்டின்மேல் அமைந்துள்ளது. எனவே எந்தக் கிளையில் வந்தாலும், கன்னியாகுமரி செல்லும் வண்டிக்குத் தடங்கல் இல்லை. நேராக உள்ளே வந்து நேராகப் போய்விடும். ஆனால் திருநெல்வேலியிலிருந்து வந்து திருவனந்தபுரம் செல்ல வேண்டிய வண்டி சந்திப்புக்குள் நுழைந்தால், வந்த பக்கமாகவே திரும்பிப் போக வேண்டும். அதற்கு இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்ட வேண்டும். இந்த நேரவிரயத்தைத் தவிர்ப்பதற்காக இரு கிளைகளையும் மேலேயே நேராக இணைக்கும் ஒரு புறவழித் தண்டவாளம் உண்டு. அதைப் பயன்படுத்தும் வண்டிகள் சந்திப்பின் பக்கமே வராமல், திருவனந்தபுரக் கிளையின்மேல் உள்ள டவுன் நிலையத்தில் நின்று போய்விடுகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாமா மகன் முதன்முறையாக இங்கு வந்தபோது, அதிகாலையில் நான் கோட்டாற்றில் நடைமேடைச்சீட்டு வாங்கிக்கொண்டு காத்திருந்தேன். வண்டி வரவில்லை, தொலைபேசி வந்தது. “அத்தான், நான் ஸ்டேஷன்லதான் நிக்கேன், நீங்க எங்க நிக்கிய?” என்றான். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கச் சொன்ன பிறகே அவன் பள்ளிவிளையில் நிற்பது தெரிந்தது. தவறு முழுக்க என்னுடையது. வண்டியின் பெயரைக் கேட்ட நான் சீட்டிலிருந்த குறியீட்டைக் கேட்கவில்லை. அன்றிலிருந்து யார் வருவதாகச் சொன்னாலும் பயணச்சீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்வதே என் வழக்கம். கேரளத்துக்கும் திருநெல்வேலிக்கும் இடையே ஓடும் வண்டியில் வருபவர்கள் இதை இருமுறை பார்க்க வேண்டும்.

தங்கப்போகும் இடம் நாகர்கோவில் நகரமாக இல்லாவிட்டால், இரண்டுமே வேண்டாதவையாகவும் இருக்கலாம். மார்த்தாண்டத்துக்குக் குழித்துறை நிலையமே பக்கம்; அந்த நிலையம் அம்ரித் பாரத் திட்டத்தில் புதுப்பிக்கப்பட்டு 2025 மே மாதம் திறக்கப்பட்டது. தக்கலை, பத்மநாபபுரம் அரண்மனை, குளச்சல் ஆகிய பக்கங்களுக்கு இரணியல் வசதியானது. (அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதையும் சேர்த்து நினைவில் வைக்கலாம்.) பள்ளியாடி, தோவாளை, சுசீந்திரம், அகஸ்தீஸ்வரம் போன்ற சிறு நிலையங்களை நம்பி விரைவு வண்டியில் ஏறிவிடக் கூடாது, அங்கே நிற்பவை பெரும்பாலும் பயணிகள் வண்டிகளே.

இரண்டாம் படி: பக்கத்தைத் தேர்ந்தெடுத்தல்

சென்னைக்குச் செல்வோர்க்கு இதில் குழப்பம் இல்லை. எல்லாம் திருநெல்வேலி, மதுரை, திருச்சி வழிதான். இரவு வண்டிகளில் முதலில் நினைவுக்கு வருவது கன்னியாகுமரியிலிருந்து சென்னை எழும்பூர் செல்லும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ். மாவட்டத்தின் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை மாலை அதில்தான் போகிறார்களோ என்று எண்ணத் தோன்றும் அளவுக்கு அதில் நெரிசல் இருக்கும். பகலில் செல்ல விரும்புவோர்க்கு 2024 ஆகஸ்ட் 31 அன்று தொடங்கப்பட்ட சென்னை எழும்பூர்–நாகர்கோவில் வந்தே பாரத் உண்டு. அது அதிகாலையில் சென்னையில் புறப்பட்டுப் பிற்பகலில் இங்கு வந்து, சிறிது நேரத்திலேயே திரும்பி, இரவில் சென்னை சேர்ந்துவிடுகிறது. முன்பதிவே இல்லாமல் போக வேண்டியவர்களுக்குத் தாம்பரம் செல்லும் அந்தியோதயா வண்டி ஒரு பெரும் உதவி: அதில் எல்லாப் பெட்டிகளும் முன்பதிவற்றவை. ஆனால் அதிலும் உட்கார இடம் வேண்டுமென்றால், வண்டி நடைமேடைக்கு வரும்போதே அங்கே நிற்க வேண்டும்.

இருவழிச் சிக்கல் தொடங்குவது கோயம்புத்தூர், பெங்களூரு, மும்பை ஆகிய ஊர்களில்தான். கோயம்புத்தூருக்கு நாகர்கோவிலிலிருந்து மதுரை, திண்டுக்கல், கரூர், ஈரோடு வழியாக ஓர் இரவு வண்டியும், பகல் வண்டி ஒன்றும் உள்ளன. ஐலண்ட் எக்ஸ்பிரஸும் கோயம்புத்தூர் போகும். ஆனால் அது திருவனந்தபுரம், கொல்லம், எர்ணாகுளம், திருச்சூர், பாலக்காடு என்று கேரளத்தின் பெரும்பகுதியைப் பார்த்துவிட்டுத்தான் போகும். பெங்களூருவுக்கும் அவ்வாறே: நாகர்கோவிலிலிருந்து மதுரை, சேலம் வழியாகப் புறப்படும் வண்டி ஒன்று, கேரளம் சுற்றும் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ஒன்று. மும்பைக்கு நாகர்கோவிலிலிருந்து மதுரை வழியாகச் செல்லும் வண்டிகள் வாரத்தில் சில நாள்களில் மட்டுமே ஓடுகின்றன; எனவே நாளையும் சரிபார்க்க வேண்டும்.

என் கருத்தில், அவசரமாகப் போகிறவர்கள் மதுரைப் பக்கத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். திருநெல்வேலி–நாகர்கோவில் பாதை 2024-இல் இரட்டிப்பாக்கப்பட்டு முடிந்துவிட்டதால், எதிர்வண்டிக்காக வழியில் காத்துக்கிடக்கும் பழைய தொல்லை அந்தப் பக்கத்தில் பெருமளவு தீர்ந்துவிட்டது. திருவனந்தபுரம் பக்கத்தில் இரட்டைப்பாதைப் பணி பிற்பட்டுத் தொடங்கியது. அங்கே நிலமும் வேறு மாதிரியானது: தோட்டங்களுக்கும் வீடுகளுக்கும் இடையே மேடுகளை ஆழமாக வெட்டிக் கொண்டுசெல்லப்பட்ட பாதை அது. 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் இரணியல், குழித்துறை, பாறசாலைப் பகுதிகளில் தண்டவாளத்தின்மேல் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழைகளும் பெய்யும் மாவட்டம் இது என்பதால், மழைக்காலத்தில் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறப்போகிறவர்கள் கடைசி வண்டியை நம்பாமல் ஒரு வண்டி முன்னதாகவே புறப்படுவது நல்லது.

திருவனந்தபுரம் செல்வோர்க்கு மற்றொரு குறிப்பு. அந்த நகரத்தின் கொச்சுவேளி நிலையம் இப்போது திருவனந்தபுரம் வடக்கு. நேமம் நிலையம் திருவனந்தபுரம் தெற்கு. ‘திருவனந்தபுரம்’ என்ற பெயரைக் கண்டதும் அது தம்பானூரில் உள்ள சென்ட்ரல் என்று எடுத்துக்கொண்டு, மருத்துவமனைக்கோ தேர்வுக்கோ நேரம் கணக்கிட்டுச் செல்பவர்கள் வேறொரு முனையில் இறங்கி அலைய நேரும்.

மூன்றாம் படி: சீட்டு எடுத்தல்

முன்பதிவு, பயண நாளுக்கு 60 நாள்களுக்கு முன் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன்பு அது 120 நாள்களாக இருந்தது. பழைய கணக்கில் பழகியவர்கள் இதில் ஏமாறுவது இப்போது குறைந்துவிட்டது. தட்கல் சீட்டு பயணத்துக்கு முந்தைய நாள், குளிர்சாதன வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும் மற்ற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் திறக்கும். இணையத்தில் தட்கல் எடுப்பவர்கள் 2025 ஜூலையிலிருந்து தங்கள் கணக்கில் ஆதாரைச் சரிபார்த்து வைத்திருக்க வேண்டும். இதை அன்றைய காலை 9.55-க்குச் செய்துகொள்ளலாம் என்று இருந்தால் நடக்காது. ஒரு வாரம் முன்னதாகவே செய்து முடித்துவிட வேண்டும். இணையம் பழகாத பெரியவர்களுக்காகச் சந்திப்பிலேயே முன்பதிவுச் சாளரம் இருக்கிறது. அடையாள அட்டையோடு, படிவத்தை வரிசையில் நிற்கும் முன்பே நிரப்பிக்கொண்டு போனால் வேலை விரைவாக முடியும்.

நாகர்கோவில், வண்டிகள் புறப்படும் இடம் என்பதால் இங்கிருப்பவர்களுக்கு ஒரு சாதகம் உண்டு. வண்டி தொடங்கும் நிலையத்திலிருந்து எடுக்கும் சீட்டுகளுக்கே பொது ஒதுக்கீட்டில் பெரும்பங்கு. காத்திருப்போர் பட்டியலிலும் அந்த வரிசையே விரைவாக நகரும். நடுவழி ஊர்களிலிருந்து எடுப்பவர்கள் சிறிய ஒதுக்கீடுகளுக்குள் அடங்க வேண்டும். கன்னியாகுமரியில் தொடங்கும் வண்டிக்கு நாகர்கோவிலிலிருந்து இடம் கிடைக்காத நாளில், கன்னியாகுமரியிலிருந்து சீட்டெடுத்து, ஏறும் இடத்தை நாகர்கோவில் சந்திப்பு என்று பதிவுசெய்து பார்ப்பது இங்குள்ளவர்களின் பழக்கம். கட்டண வேறுபாடு மிகச் சிறிது. ஆனால் ஏறும் இடத்தை மாற்றாமல் நாகர்கோவிலில் போய் ஏறிக்கொள்ளலாம் என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. பரிசோதகர் வரும்போது ஆள் இல்லாத இருக்கை வேறொருவருக்குப் போய்விடலாம். காத்திருப்போர் பட்டியலிலேயே நின்றுவிட்ட சீட்டோடு படுக்கை வகுப்பில் ஏறவும் அனுமதி இல்லை.

கன்னியாகுமரி, இரணியல், வள்ளியூர் போன்ற குறுந்தூரப் பயணங்களுக்குச் சாதாரணச் சீட்டே போதும்; அதைக் கைப்பேசிச் செயலியிலும் எடுக்கலாம், சாளரத்திலும் எடுக்கலாம். 200 கிலோமீட்டருக்கு உட்பட்ட முன்பதிவற்ற சீட்டுக்குக் கால வரம்பு உண்டு என்பதால், காலையில் வாங்கி மாலையில் பயணம் செய்யலாம் என்று எண்ண வேண்டாம். வண்டி எங்கே வருகிறது என்பதையும் மற்ற விவரங்களையும் 139 என்ற எண்ணில் கேட்கலாம்.

நான்காம் படி: நிலையத்துக்குப் போதலும் வெளியே வருதலும்

சந்திப்பு, நகரின் தென்கிழக்குப் புறத்தில், பழைய வணிக ஊரான கோட்டாற்றை ஒட்டி இருக்கிறது. புனித சவேரியார் பேராலயமும் கோட்டாறு கடைவீதியும் பக்கத்தில். நகருக்குப் புதியவர்கள் நிலையத்தைவிட்டு வெளியே வந்ததும் ‘பேருந்து நிலையம்’ என்று மட்டும் ஆட்டோக்காரரிடம் சொன்னால், அவரும் ஒரு கேள்வி கேட்பார்: வடசேரியா, அண்ணாவா? திருநெல்வேலி, மார்த்தாண்டம், திருவனந்தபுரம் எனத் தொலைவிடங்களுக்கான பேருந்துகள் வடசேரி கிறிஸ்டோபர் பேருந்து நிலையத்திலிருந்தும், மாவட்டத்துக்குள் ஓடும் டவுன் பேருந்துகள் பெரும்பாலும் மீனாட்சிபுரத்திலுள்ள அண்ணா பேருந்து நிலையத்திலிருந்தும் புறப்படும். சந்திப்பிலிருந்து அண்ணா நிலையம் அருகில்; வடசேரி நகரின் மறுபுறம். டவுன் ரயில் நிலையத்திலிருந்து பார்த்தால் இந்தக் கணக்கு தலைகீழாகும்: அங்கிருந்து வடசேரிதான் பக்கம்.

பகலில் கோட்டாறு, செட்டிகுளம், வேப்பமூடு, மணிமேடை ஆகிய இடங்களைக் கடக்கும்போது நெரிசலுக்கு ஆட்படாமல் வர முடியாது. பள்ளி விடும் நேரத்தில் வடசேரியிலிருந்து சந்திப்புக்கு வருவதற்கு, தொலைவைப் பார்த்து நேரம் கணக்கிடுவது தவறாகும். வண்டி புறப்படுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே வீட்டைவிட்டுக் கிளம்புவதை நான் பரிந்துரைப்பேன். டிசம்பர் 3 அன்று முடியும் கோட்டாறு சவேரியார் திருவிழாவின் பத்து நாள்களில் மாலை வேளை என்றால், இன்னும் முன்னதாக.

நிலையத்துக்குள் காத்திருப்பு அறை, தங்கும் அறை, சிற்றுண்டிக் கடைகள், நடைமேம்பாலம், வாகன நிறுத்துமிடம் என ஒரு பெரிய நிலையத்தில் எதிர்பார்க்கும் வசதிகள் இருக்கின்றன. அம்ரித் பாரத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட நிலையம் இது என்பதால் கட்டுமான வேலைகளும் நடந்துள்ளன. சென்ற ஆண்டு நுழைந்த வாசலிலேயே இந்த ஆண்டும் நுழையலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம். தங்கும் அறையை ஐஆர்சிடிசி தளத்தில் முன்னதாகவே பதிவுசெய்யலாம். பல வண்டிகள் இங்கேயே பயணத்தை முடித்து, பராமரிப்புக்காகப் பக்கத்துத் தண்டவாளங்களில் நிறுத்தப்படுகின்றன. எனவே கண்ணெதிரே உங்கள் வண்டியின் பெயர்ப்பலகையோடு ஒரு ரயில் நின்றுகொண்டிருந்தாலும், ஒலிபெருக்கி அறிவிக்கும் நடைமேடைக்கே போக வேண்டும். கடைசி நேரத்தில் நடைமேடை மாறினால் மேம்பாலம் ஏறி இறங்க வேண்டியிருக்கும் என்பதால், முதியவர்களையும் பெரிய பெட்டிகளையும் உடையவர்கள் முதல் அறிவிப்பு வந்தவுடன் நகர்ந்துவிடுவது நல்லது.

வழியில் உண்ண வாங்குவதாக இருந்தால், அதை நிலையத்துக்கு வெளியே முடித்துக்கொள்ளலாம். நேந்திரங்காய்ச் சிப்ஸும், மட்டிப்பழம் என்ற வாழைப்பழமும் இங்கே வருகிறவர்கள் கேட்டு வாங்குபவை. மட்டிப்பழம் சீக்கிரம் கனிந்து கருத்துவிடும். டெல்லிவரை போகிறவர்கள் காயாகப் பார்த்து வாங்க வேண்டும்.

கன்னியாகுமரி வரை மட்டும்

விருந்தினர்களைக் குமரிமுனைக்கு அழைத்துச் செல்ல, சந்திப்பிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர், அரை மணி நேரத்துக்குள் முடியும் பயணம். ஆயினும் நான் பேருந்தையே சொல்வேன். அண்ணா பேருந்து நிலையத்திலிருந்து அடுத்தடுத்துப் பேருந்து கிடைக்கும், ரயிலுக்கோ இடைவெளி அதிகம். குழந்தைகள் ரயிலில்தான் போக வேண்டும் என்று அடம்பிடித்தால், போகும்போது ரயிலிலும் திரும்பும்போது பேருந்திலும் வரலாம். இந்திய நிலப்பரப்பின் தென்கோடி நிலையம் அது. அங்கிருந்து திப்ருகர் வரை 4,100 கிலோமீட்டருக்கும் மேல் ஓடும் விவேக் எக்ஸ்பிரஸ் 2011-இல் தொடங்கப்பட்டது. அந்த வண்டியின் பலகையைப் பார்த்து, அசாம் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்பதற்காகவே ஒருமுறை போகலாம்.

வரும்போது

திருநெல்வேலிப் பக்கமிருந்து முதன்முறையாக வருகிறவர்கள், வண்டி செல்லும் திசையை நோக்கி வலப்புறச் சன்னலோரம் உட்கார்ந்தால் மேற்குத் தொடர்ச்சி மலை உடன்வரும். வள்ளியூருக்குப் பின் மகேந்திரகிரி தெரியும். அதற்கப்பால் காற்றாலைகள் ஒன்றிரண்டாகத் தொடங்கி, முப்பந்தல் அருகே காடுபோல் அடர்ந்துவிடும். மலைத்தொடர் முடியும் இடத்திலுள்ள இடைவெளி வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பாய்ந்து வருவதே அவை அங்கே நடப்பட்டதற்குக் காரணம். மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை சன்னல் கதவை இறக்கிவிடும்படி அந்தக் காற்றே சொல்லிவிடும். ஆரல்வாய்மொழி தாண்டியதும் நிலம் பச்சையாகும். அப்போதே பெட்டிகளை எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும்; சந்திப்புக்குக் கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகத்தான் இருக்கும்.

அதிகாலை வண்டிகளில் தூங்கிப்போகிறவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். கன்னியாகுமரி செல்லும் வண்டியில் சந்திப்பைத் தவறவிட்டவருக்குக் கவலை இல்லை. அதற்குமேல் தண்டவாளம் கிடையாது, குமரியில் இறங்கி ஒரு தேநீர் குடித்துவிட்டுப் பேருந்தில் திரும்பிவிடலாம். புறவழியில் செல்லும் வண்டியில் டவுனைத் தவறவிட்டவர் அப்படியே கேரளத்துக்குள் போய்விடுவார். அவர் இரணியலிலோ குழித்துறையிலோ வண்டி நின்றால் உடனே இறங்கிவிட வேண்டும். குழித்துறையில் இறங்கினால், மார்த்தாண்டத்துக்கு வந்து வடசேரிப் பேருந்தைப் பிடிக்கலாம்.